காலேஜ் ஐஸ் ஹாக்கியில் முதலாண்டு நட்சத்திரங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டன் பக்கம் குடிவந்த பிறகு, குளிர்கால வெள்ளி, சனி இரவுகளில் காலேஜ் ஐஸ் ஹாக்கி பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கூட வரும் நண்பர்கள், அவர்கள் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கும் சொந்தக்காரர்கள் என எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதிலும் பாதிக்கு மேல் முதலாண்டு ஆட்டக்காரர்களைப் பற்றியவை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவு ஆண்கள் ஹாக்கி பற்றியது. பெண்கள் ஆட்டம் பற்றிக் கீழே ஒரு கேள்வி உண்டு.

ஃப்ரெஷ்மேன்னா பதினெட்டு வயசுப் பையன்தானே?

இல்லை. எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் இதுதான். ஃப்ரெஷ்மேன் என்றால் கல்லூரியில் முதலாம் ஆண்டு, அவ்வளவுதான். கூடைப்பந்திலோ அமெரிக்கன் ஃபுட்பாலிலோ பள்ளி முடித்த கையோடு பையன்கள் கல்லூரிக்கு வந்துவிடுவார்கள். ஹாக்கியில் அப்படி இல்லை. பள்ளி முடித்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டு ஜூனியர் லீக்கில் ஆடி, உடம்பும் வேகமும் தேறிய பிறகுதான் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அமெரிக்காவில் யுஎஸ்ஹெச்எல் என்ற லீக்தான் இதற்கு முக்கிய வாசல்.

அதனால் ஒரே ரிங்கில் (ஆடும் பனித்தளத்தில்), ஒரே "முதலாண்டு" முத்திரையோடு, 17 வயதுப் பையனும் இருப்பான், 20 வயது முடிந்தவனும் இருப்பான். அந்த வயதில் மூன்று ஆண்டு என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோள் பலம், சறுக்கும்போது இடித்தால் தாங்கும் சக்தி, இரண்டாவது நாள் மேட்சிலும் கால் தளராமல் ஓடுவது, எல்லாமே மாறிவிடும். ஒரு முதலாண்டுக்காரனின் புள்ளிகளைப் பார்க்கும் முன் அவன் பிறந்த தேதியைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

ஒரு சீசன்ல எத்தனை மேட்ச் ஆடுவாங்க?

அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் இரண்டாம் வாரம்வரை போகும். வழக்கமான சீசனில் 34 மேட்ச் அளவுக்கு. அதன்பின் அவரவர் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) பிளேஆஃப். அதற்குப் பிறகு 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டி. அதில் மிஞ்சும் நான்கு அணிகளின் கடைசிக் கட்டத்துக்கு ஃப்ரோஸன் ஃபோர் என்று பெயர். எல்லாம் சேர்த்து ஒருவர் 36 முதல் 42 மேட்ச் ஆடுவார். தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் 82 மேட்ச். கல்லூரியில் மேட்ச் குறைவு என்பதால் வாரம் முழுக்கப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் நேரம் கிடைக்கிறது. இளம் ஆட்டக்காரர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

64 பாயின்ட்னு போடுறாங்களே, 64 கோல் அடிச்சானா?

கோலுக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்குப் பக்கை (ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) எடுத்துக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி, அதுதான் அசிஸ்ட். ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்கு அசிஸ்ட் கிடைக்கும். ஆக 64 பாயின்ட் என்றால் கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு.

எவ்வளவு எடுத்தால் நல்லது என்று அடுத்த கேள்வி உடனே வரும். ஃபார்வர்ட், அதாவது முன்வரிசையில், ஆடும் ஒரு முதலாண்டுப் பையன் மேட்சுக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தாலே நாடு முழுக்கப் பேசுவார்கள். ஒன்றரைக்கு மேல் போனால் அது அபூர்வம்.

முதல் வருஷத்துலயே பெரிய விருதை வாங்கினவங்க யார் யார்?

பெரிய விருது என்றால் ஹோபி பேக்கர் விருது. பிரின்ஸ்டனில் ஆடி, முதல் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றி, போர் முடிந்த சில வாரங்களில், 1918 டிசம்பரில், பிரான்ஸில் விமான விபத்தில் இறந்துபோனவரின் நினைவாக 1981 முதல் தருகிறார்கள். அந்த ஆண்டு தொடங்கி 2024 வரை நான்கே நான்கு முதலாண்டு ஆட்டக்காரர்கள்தான் அதை வாங்கியிருக்கிறார்கள்.

1993இல் மெய்ன் பல்கலைக்கழகத்தின் பால் கரியா: 39 மேட்சில் 25 கோல், 75 அசிஸ்ட், மொத்தம் 100. 2015இல் பாஸ்டன் யுனிவர்சிட்டியின் ஜாக் ஐக்கல்: 40 மேட்சில் 71. 2023இல் மிச்சிகனின் ஆடம் ஃபன்டில்லி: 36 மேட்சில் 30 கோலோடு 65. 2024இல் மறுபடி பாஸ்டன் யுனிவர்சிட்டி, மேக்லின் செலிப்ரினி: 38 மேட்சில் 32 கோல், 32 அசிஸ்ட், ஆக 64. முதல் மூவருக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 22 ஆண்டு, பிறகு 8 ஆண்டு. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே நான்காமவர்.

அண்ணா, இந்த நாலு பேர்ல யாரு பெரிய ஆள்?

எண்களை மட்டும் பார்த்தால் கரியாவுக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது. மேட்சுக்கு இரண்டரைப் புள்ளிக்கு மேல். அவர் ஆடிய மெய்ன் அணி அந்த ஆண்டு 42 வெற்றி, 1 தோல்வி, 2 சமன். இறுதிப் போட்டியில் லேக் சுப்பீரியர் ஸ்டேட்டிடம் 4-2 என்று பின்தங்கியிருந்தது. மூன்றாவது பாதியில் கேப்டன் ஜிம் மான்ட்கமரி ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்தார். மூன்றுக்கும் பக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தது கரியா. 5-4. (ஹாக்கியில் ஆட்டத்தை மூன்றாகப் பிரித்து ஆடுவார்கள். "மூன்றாவது பாதி" என்பது நம் பேச்சு வழக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆனாலும் என் மனசு செலிப்ரினி பக்கம்தான் சாய்கிறது. 2006 ஜூன் 13இல் பிறந்தவர். விருது வாங்கியபோது வயது 17. இதுவரை வாங்கியவர்களில் அவர்தான் இளையவர். எதிரணியில் 23, 24 வயது ஆட்கள் நிற்க, அவர்களுக்கு நடுவே பக்கைப் பறிகொடுத்த அடுத்த நொடி திரும்பிச் சறுக்கி அதைப் பறித்துக்கொண்டு வருவார். கோல் அடிக்கத் தெரிந்த 17 வயதுப் பையன்கள் எத்தனையோ பேர். அந்த வயதில் பின்னால் ஓடி வந்து காக்கத் தெரிந்தவன் அபூர்வம். அதே ஆண்டு என்ஹெச்எல் அணியான சான் ஹோசே ஷார்க்ஸ் அவரை டிராஃப்டில் (அது என்ன என்று கீழே வருகிறது) முதல் ஆளாக எடுத்தது. என்ஹெச்எல்லில் முதல் சீசனிலேயே 70 மேட்சில் 63 புள்ளி.

இனிமே யாராவது 100 பாயின்ட் எடுப்பாங்களா?

எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்குக் கோல் மழை பெய்த காலம். இன்று கோலிகளின் (கோல் காப்பவர்களின்) பயிற்சியும் காப்பு அரண் கட்டும் முறையும் அடியோடு மாறிவிட்டன. ஓர் அணி ஒரு மேட்சில் மூன்று கோல் அடித்தாலே சராசரி. அந்தச் சூழலில் 39 மேட்சில் 100 எடுக்க வேண்டுமென்றால் அணி அடிக்கும் கோல்களில் மிகப் பெரும்பகுதியில் ஒருவனின் கை இருக்க வேண்டும். 71 என்ற எண்ணையே சமீப காலத்தில் முதலாண்டுக்காரர்களில் மூவர்தான் தொட்டிருக்கிறார்கள்: ஐக்கல், கைல் கானர், வில் ஸ்மித். கடைசி இருவரைப் பற்றிக் கீழே வருகிறது.

1981க்கு முன்னாடி நல்ல முதலாண்டு ஆளே இல்லையா?

இருந்திருப்பார்கள், ஆனால் ஆட விடவில்லை. 1960களின் பிற்பகுதிவரை முதலாம் ஆண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட விதி இடம் தரவில்லை. அவர்களுக்குத் தனி அணி. பிற்காலத்தில் மான்ட்ரியால் கனேடியன்ஸின் புகழ்பெற்ற கோலியான கென் டிரைடன் கார்னெல்லில் இரண்டாம் ஆண்டில்தான் பிரதான அணிக்கு வந்தார். வந்த அந்த ஆண்டே, 1967இல், கார்னெல் தேசியப் பட்டம் வென்றது.

அக்டோபர்ல பொறந்தா ஹாக்கியில அதிர்ஷ்டம்னு சொன்னீங்களே, ஜோசியமா?

ஜோசியம் இல்லை, விதிப் புத்தகம். என்ஹெச்எல் அணிகள் ஒவ்வொரு கோடையிலும் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கு அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைய வேண்டும். செப்டம்பர் 16இல் பிறந்தால் அடுத்த ஆண்டுதான். ஆகவே அக்டோபரில் பிறந்த ஒரு பையன், பள்ளி முடித்து, 18 வயதோடு கல்லூரியில் முழு சீசன் ஆடி முடித்த பிறகுதான் டிராஃப்டுக்கு வருகிறான். ஜூலையில் பிறந்தவனோ பள்ளி முடித்த கோடையிலேயே டிராஃப்டுக்கு வந்துவிடுகிறான்.

இப்போது அந்த நால்வரின் பிறந்தநாளைப் பாருங்கள். கரியா 1974 அக்டோபர் 16. ஐக்கல் 1996 அக்டோபர் 28. ஃபன்டில்லி 2004 அக்டோபர் 12. நால்வரில் மூவர் அக்டோபர்! டிராஃப்ட் நடக்கும் ஆண்டில், நாட்டின் கண் முழுக்கத் தங்கள் மேல் இருக்கும்போது, வயதில் பெரியவர்களோடு மோதும் வாய்ப்பு அவர்களுக்கு இயல்பாக அமைந்தது. டிராஃப்டில் கரியா 4ஆம் இடம், ஐக்கல் 2, ஃபன்டில்லி 3. செலிப்ரினிக்கு அந்த வசதி இல்லை. பள்ளிப் படிப்பை முன்கூட்டியே முடித்து, ஓராண்டு முந்தியே கல்லூரிக்கு வந்தார். மேலே என் மனசு அவர் பக்கம் சாய்வதாகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

டிராஃப்ட்ல எடுத்துட்டாங்கன்னா காலேஜை விட்டுப் போயிடணுமா?

வேண்டியதில்லை. டிராஃப்டில் எடுப்பது என்பது "இந்த ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் போடும் உரிமை எங்களுக்கு" என்று ஓர் அணி துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் கல்லூரி ஆட்டம் முடிகிறது. கையெழுத்திடாமல் நான்கு ஆண்டும் படிக்கலாம், ஆடலாம். கல்லூரி ரிங்கில் நீங்கள் பார்க்கும் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு என்ஹெச்எல் அணியின் பட்டியலில் இருப்பவர்கள்தான்.

மிச்சிகனின் ஓவன் பவர் நல்ல உதாரணம். 2021 டிராஃப்டில் முதல் ஆளாக பஃபலோ எடுத்தது. அவரோ உடனே போகவில்லை, இரண்டாம் ஆண்டும் மிச்சிகனில் ஆடிவிட்டுத்தான் போனார். அந்த டிராஃப்டின் முதல் ஐந்து இடங்களில் நான்கு மிச்சிகன் பையன்களுக்கு: பவர், மேட்டி பெனியர்ஸ், கென்ட் ஜான்சன் மூவரும் அங்கே முதலாண்டு முடித்தவர்கள், லூக் ஹியூஸ் சேர இருந்தவர்.

71 பாயின்ட் எடுத்தும் விருது குடுக்கலையே, இது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வி இருவரைப் பற்றி வருகிறது. முதலாமவர் கைல் கானர். 2015-16இல் மிச்சிகனில் முதலாண்டு, 38 மேட்சில் 35 கோல், 71 புள்ளி. நாட்டிலேயே அதிகம். மேட்சுக்குக் கணக்குப் போட்டால் ஐக்கல், ஃபன்டில்லி இருவரையும்விட மேல். விருதோ ஹார்வர்டின் நான்காம் ஆண்டு மாணவர் ஜிம்மி வீஸிக்குப் போனது. அவர் 33 மேட்சில் 46. ஒப்பந்தம் போடாமல் கடைசி ஆண்டுக்குத் திரும்பி வந்தவர், அணியின் கேப்டன், அதற்கு முந்தைய ஆண்டும் விருதுக்கான கடைசி மூவரில் இருந்தவர். ஹோபி பேக்கர் விருது குணம், ஒழுங்கு, படிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் என்பது அதன் விதியிலேயே உண்டு. அப்படியிருந்தும் 2016இல் அது கானருக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. 25 புள்ளி வித்தியாசத்தை எந்தக் குணநலனும் ஈடுகட்டாது. அவருக்குச் சிறந்த முதலாண்டு ஆட்டக்காரர் விருது கிடைத்தது. அது 2007 முதல் தரப்படும் தனி விருது. இப்போது யேல் பயிற்சியாளராக இருந்த டிம் டெய்லரின் பெயரில் இருக்கிறது.

இரண்டாமவர் பாஸ்டன் காலேஜின் (பாஸ்டன் யுனிவர்சிட்டி வேறு, இது வேறு) வில் ஸ்மித். 2023-24இல் 41 மேட்சில் 71, நாட்டிலேயே முதல். கடைசி மூவர் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. இங்கே எனக்கு வருத்தம் கிடையாது. ஸ்மித்தின் இரு பக்கமும் ரயன் லெனர்டும் கேப் பெரோவும் ஆடினார்கள். மூவரும் அமெரிக்காவின் தேசிய இளையோர் பயிற்சித் திட்டத்தில் ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகி அப்படியே கல்லூரிக்கு வந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலும் யார் எங்கே நிற்பார் என்று தெரியும். செலிப்ரினி ஸ்மித்தைவிட 15 மாதம் இளையவர், புதிய அணிக்குத் தனியாக வந்தவர், ஸ்மித்தைவிட மூன்று மேட்ச் குறைவாக ஆடி ஏழு கோல் கூடுதலாக அடித்தவர். பிறகு இருவரும் ஒரே அணியில், சான் ஹோசேயில், ஒன்றாக ஆடப் போனது கேட்க இனிமையான செய்தி.

டிஃபென்ஸ் ஆடுறவன் 48 பாயின்ட் எடுத்ததுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ஏனென்றால் அவன் முதல் வேலை கோல் விழாமல் காப்பது. முதலாண்டில் டிஃபென்ஸ்மேனுக்குத்தான் சிரமம் அதிகம். ஃபார்வர்ட் தப்பு செய்தால் பின்னால் காக்க ஆள் இருக்கிறது. டிஃபென்ஸ்மேன் தப்பு செய்தால் அடுத்து கோலிதான். அதனால் பயிற்சியாளர்கள் பொதுவாக இளம் டிஃபென்ஸ்மேனை "பக்கை வெளியே தள்ளு, வம்பு வேண்டாம்" என்றே வளர்ப்பார்கள்.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர்கள் ஹட்ஸன் சகோதரர்கள். அண்ணன் லேன், 2022-23இல் பாஸ்டன் யுனிவர்சிட்டியில் முதலாண்டு: 39 மேட்சில் 48. தம்பி கோல் (Cole, அது அவர் பெயர்), 2024-25இல் அதே கல்லூரியில் முதலாண்டு: 39 மேட்சில் அதே 48! இருவருமே உயரம் குறைந்தவர்கள். லேனை மான்ட்ரியால் 62ஆம் இடத்தில்தான் எடுத்தது, உயரமும் எடையும் பார்த்து மற்ற அணிகள் தயங்கின. 2025இல் என்ஹெச்எல்லின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவர் கைக்கு வந்தது. இவர்களுக்கு நடுவே, 2023-24இல், டென்வரின் ஸீவ் பியூயம் 42 மேட்சில் 50 எடுத்துத் தேசியப் பட்டமும் வென்றார். மூன்றே ஆண்டில் மூன்று பையன்கள் அந்த இடத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதியதை நேரில் பார்க்கக் கிடைத்தது எங்களுக்குப் பெரிய கொடுப்பினை.

கோலியில முதலாண்டு நட்சத்திரம் உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்த கதை கானர் ஹெலபக்குடையது. டெக்ஸஸில் ஒடெஸா என்ற ஊரின் ஜூனியர் அணியில் ஆடியவர். 2012 டிராஃப்டில் வின்னிபெக் அவரை எடுத்தது 130ஆம் இடத்தில். அந்த இலையுதிர்காலம் யூமாஸ் லோவெல் கல்லூரிக்கு வந்து, முதலாண்டில் 20 வெற்றி, 3 தோல்வி, வந்த ஷாட்களில் நூற்றுக்கு 95க்கு மேல் தடுத்தார். லோவெல் முதன்முறையாக ஃப்ரோஸன் ஃபோருக்குப் போனது. 2025இல் அவர் என்ஹெச்எல்லின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதான ஹார்ட் கோப்பையை வாங்கினார்.

ஆனால் பொதுவாகச் சொன்னால், கோலிகளை முதலாண்டை வைத்துக் கணிக்க வேண்டாம். அவர்கள் தாமதமாக முதிர்கிறவர்கள். முன்னால் நிற்கும் அணி எப்படிக் காக்கிறது என்பதும் அவர்கள் எண்ணில் கலந்தே இருக்கும்.

இவ்வளவு சூப்பர் பசங்க இருந்தும் அந்த டீம் ஏன் கப் ஜெயிக்கல?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் எனக்கு நெருக்கமானது. ஹோபி பேக்கர் வாங்கிய நான்கு முதலாண்டுக்காரர்களில் அதே ஆண்டு தேசியப் பட்டமும் வென்றவர் கரியா ஒருவர்தான். ஐக்கலின் அணி 2015 இறுதியில், சொந்த ஊரான பாஸ்டனிலேயே, பிராவிடன்ஸிடம் 4-3 என்று தோற்றது. மூன்றாம் கட்டத்தில் முன்னிலையில் இருந்தபோது கோலியின் கையுறைக்குள் வந்துவிட்ட பக் நழுவிக் கோலுக்குள் விழுந்தது, ஆட்டம் திரும்பிவிட்டது. ஃபன்டில்லியின் மிச்சிகன் அரையிறுதியில் குவினிபியாக்கிடம் தோற்றது. செலிப்ரினியின் அணி அரையிறுதியில் டென்வரிடம் கூடுதல் நேரத்தில் 2-1.

2024 இறுதி இதற்கு இன்னும் பெரிய சான்று. ஸ்மித், லெனர்ட், பெரோ மூவரும் சேர்ந்து அந்த சீசனில் 191 புள்ளி எடுத்திருந்தார்கள். கோலி ஜேக்கப் ஃபௌலரும் முதலாண்டு. 34 வெற்றியோடு நாட்டின் முதலிடத்தில் வந்தது பாஸ்டன் காலேஜ். செயின்ட் பாலில் நடந்த இறுதியில் டென்வர் அவர்களை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. 2-0. டென்வர் கோலி மேட் டேவிஸ் 35 ஷாட்களைத் தடுத்தார். டென்வரிலும் பியூயம் என்ற முதலாண்டு நட்சத்திரம் இருந்தார், ஆனால் அவரைச் சுற்றி மூன்றாம், நான்காம் ஆண்டு ஆட்கள் இருந்தார்கள். எதிரணி பாஸ் கொடுக்கும் பாதையில் கட்டையை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். பதினெட்டு வயதில் அந்தப் பொறுமை வருவதில்லை. கோல் வராத ஒவ்வொரு நிமிடமும் இன்னும் அழகான பாஸ் ஒன்றைத் தேட வைக்கும்.

எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும். 2003இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த தாமஸ் வானெக், மினசோட்டாவில் முதலாண்டு. அரையிறுதியில் மிச்சிகனுக்கு எதிராகக் கூடுதல் நேர வெற்றிக் கோல், இறுதியில் நியூ ஹாம்ப்ஷயருக்கு எதிராக 5-1 வெற்றி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அந்த அணி முந்தைய ஆண்டே பட்டம் வென்ற அணி. அனுபவம் ஏற்கெனவே அங்கே இருந்தது, வானெக் வந்து அதன் மேல் ஏறினார்.

பொண்ணுங்க ஹாக்கியில இப்படி யாராவது?

பெண்களுக்கான தேசியப் போட்டியை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ 2001 முதல் நடத்துகிறது. அங்கே மிக உயர்ந்தது பேட்டி கேஸ்மையர் விருது. முதலாண்டில் என் நினைவில் ஆழமாகப் பதிந்தது விஸ்கான்சினின் கர்ஸ்டன் சிம்ஸ். 2023 இறுதியில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு கோல். அதை அடித்து அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது முதலாண்டு மாணவியான அவர்தான். என்ஹெச்எல் டிராஃப்ட் போன்ற இழுப்பு இல்லாததால் பெண்கள் பெரும்பாலும் நான்கு ஆண்டும் ஆடுகிறார்கள். முதலாண்டில் பார்த்த ஒருவரை முழுதாக வளர்ந்துவரும்வரை தொடர்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் பெண்கள் ஆட்டத்தைத்தான் பரிந்துரைப்பேன்.

2025ல ஏதோ விதி மாறிடுச்சாமே, அதனால என்ன?

கனடாவில் ஓஹெச்எல், டபிள்யூஹெச்எல், க்யூஎம்ஜேஹெச்எல் என்று மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள் உண்டு. அவற்றில் ஆடுகிறவர்களுக்குச் சிறிய உதவித்தொகை உண்டு, என்ஹெச்எல் ஒப்பந்தம் போட்டவர்களும் அங்கே ஆடுவார்கள். அதனால் அங்கே ஆடினாலே தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தி அமெரிக்கக் கல்லூரிகள் கதவை மூடிவைத்திருந்தன. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் இந்தப் பாதையா அந்தப் பாதையா என்று வாழ்க்கைக்கே முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் என்சிஏஏ அந்தத் தடையை நீக்க முடிவெடுத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை.

உடனே தெரிந்த விளைவு கேவின் மக்கென்னா. கனடாவில் யூகானின் வைட்ஹார்ஸ் ஊர்க்காரர், டபிள்யூஹெச்எல்லின் மெடிசின் ஹேட் அணிக்காக 2024-25இல் 56 மேட்சில் 129 புள்ளி எடுத்தவர், பென் ஸ்டேட் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். ஃபிலடெல்ஃபியா டிராஃப்டில் எடுத்த போர்ட்டர் மார்ட்டோன் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். இனிமேல் "முதலாண்டு" என்ற சொல் இன்னும் கனமாகும். முன்பே கடினமான லீக்கில் மூன்று சீசன் ஆடிவிட்டு வருபவரும் காகிதத்தில் முதலாண்டுதான். ஆகவே 2025க்கு முந்தைய முதலாண்டுச் சாதனைகளையும் பிந்தையதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இனி இரண்டு மடங்கு பொருந்தும். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஒரு பையனின் பதினாறு வயது முடிவு அவனைக் கடைசிவரை கட்டிப்போடக் கூடாது. அதே நேரம் அணிகளில் இடம் குறைவு. சுமாராக ஆடும் அமெரிக்கப் பையன்கள் சிலர் இடம் இழப்பார்கள், அந்த வலியும் உண்மையானது.

ஒரு வருஷம் ஆடிட்டு ஓடிப்போறாங்களே, அப்புறம் படிப்பு எதுக்கு?

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், ஒரே ஆண்டில் கிளம்புகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பெயர் பெரிதாக இருப்பதால் கூட்டம் மாதிரித் தெரிகிறது. பெரும்பாலானவர்கள் பட்டம் வாங்கித்தான் போகிறார்கள். ஒரே ஆண்டில் போகிறவனுக்கும் அந்த ஆண்டு வீண் இல்லை. வகுப்பு, தேர்வு, நூலகம், வாரக் கடைசியில் இரண்டு மேட்ச் என்று நேரத்தைப் பங்கிடக் கற்றுக்கொள்கிறான்.

எங்க பையன் ஆதரிக்கிற ஆளு முதல் வருஷம் சுமாரா ஆடினான். அவ்வளவுதானா?

அவசரப்பட வேண்டாம். கேல் மக்கார் யூமாஸ் ஆம்ஹர்ஸ்ட்டில் முதலாண்டில் 34 மேட்சில் 21 புள்ளிதான். அடுத்த ஆண்டு 49 எடுத்து 2019 ஹோபி பேக்கரை வாங்கினார். மேலே சொன்ன ஓவன் பவர் முதலாண்டில் 26 மேட்சில் 16 புள்ளி, ஆனாலும் டிராஃப்டில் முதல் இடம். பாஸ்டன் காலேஜின் ஜேம்ஸ் ஹேகன்ஸ் 2024-25இல் 37 மேட்சில் 37 எடுத்தார். முதல் இடத்தில் போவார் என்று ஆரம்பத்தில் பேசியவர்கள் ஏமாற்றம் என்று எழுதினார்கள், டிராஃப்டில் ஏழாவதாகப் போனார். 18 வயதில் மேட்சுக்கு ஒரு புள்ளியை ஏமாற்றம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. செலிப்ரினியைப் பார்த்த கண்ணோடு அவரைப் பார்த்ததுதான் கோளாறு.

அப்போ பாயின்ட் பார்க்காம, நேர்ல பார்க்கும்போது எதைப் பார்க்கணும்?

பிப்ரவரியைப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் எதிரணிகளுக்குப் புதுப் பையனைத் தெரியாது. ஜனவரிக்குள் வீடியோ பார்த்து அவன் எந்தப் பக்கம் திரும்புவான், எங்கிருந்து அடிப்பான் என்று படித்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து ஆடுகிறானா? பாஸ்டனில் இருப்பவர்கள் பிப்ரவரித் திங்கட்கிழமைகளில் ஊரின் நான்கு கல்லூரிகள் மோதும் பீன்பாட்டுக்குப் போங்கள், முதலாண்டுக்காரன் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் சனிக்கிழமை. வெள்ளி இரவு அடிபட்ட உடம்போடு அடுத்த நாள் கடைசிக் கட்டத்தில் கால் எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். ஒரு கோல் முன்னிலை, கடைசி இரண்டு நிமிடம், எதிரணி கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்குகிறது. அந்த நேரத்தில் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து யார் தோளைத் தட்டி இறக்குகிறார் என்று பாருங்கள். அங்கே முதலாண்டுப் பையன் ஒருவன் இறங்கினால், அவன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.